தோளை இறக்கி வை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கழுத்துக்குக் கீழே சுகம். அங்கே மாப்பிள்ளையும் சின்னவளும் நீயும், முக்கியமாக உன் கழுத்தும் வலது கையும், எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாம் பேசி முப்பத்திரண்டு நாள் ஆகிறது. நான் போனை எடுத்து எடுத்து வைத்ததை உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, யார் பெரியவ, நீயா அவளா, என்று கேட்டார். நான்தான் பெரியவள், அதனால் அவள்தான் பேச வேண்டும் என்றேன். அப்படியானால் இந்தக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். பேசினால் நான் கத்துவேன், நீ கத்துவாய், போன் உடையும். காகிதம் கத்தாது. நாலாம் வகுப்போடு நிறுத்தியவள் இவ்வளவு எழுதுகிறேனே என்று கேலி செய்யாதே, எழுத்துப் பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் கொடுத்துத் திருத்தி வாசி. உட்கார்ந்து எழுதினால் கழுத்து குனிகிறது என்று இஸ்திரி போடுகிற பலகையை உயரமாக்கி, அதன் மேல் அட்டைப் பெட்டி வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியை முறைத்துப் பார்ப்பேன். எதிர் வீட்டுக்காரி தன்னைத்தான் முறைக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்தட்டும், அவள் மேலும் எனக்குப் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன், அப்புறம் நீ மாற்றிச் சொல்லக்கூடாது. போனை முதலில் எடுத்தது சின்னவள். அம்மா எங்கே என்று கேட்டேன். அம்மாவுக்கு கழுத்து திரும்பல பாட்டி, கூப்பிட்டா பீரோ திரும்புற மாதிரி மொத்தமா திரும்புறா என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேற என்னடி என்றேன். கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்துப் போச்சாம், நேத்து கத்தரிக்கோல் கையிலேர்ந்து நழுவி கால்கிட்ட விழுந்துச்சு, டாக்டர் மூணு வாரம் தையல் தொடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்த காகிதத்த அம்மா வேல பாக்குற கடைக்காரிகிட்ட காட்டவே இல்ல, லீவு கேட்டா வேலைக்கு வராதன்னு சொல்லிடுவாளாம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசியாக மெதுவான குரலில், நான் குனிஞ்சு போன் பாத்தா அம்மா பிடரியிலேயே ஒண்ணு வைக்கிறா பாட்டி, நிமிருடி நிமிருடின்னு, நேத்து வச்சதுல நாக்க கடிச்சுக்கிட்டேன் என்றாள். அதற்குள் நீ பிடுங்கிவிட்டாய். நான் உன் கையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், பிள்ளையோட கழுத்துல கை வைக்காதடி பாவி என்று ஆரம்பித்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கும் நினைவிருக்கும். நீ அடிக்காத அடியா, குனி குனின்னு அடிச்சே என் கழுத்த ஒடச்சவ நீ என்றாய். நான், பொய் சொல்லாத, உன் மேல நான் கை வச்சதே இல்ல, பூ மாதிரி வளத்தேன் என்றேன். போனை வீசினேன். அது உன் அப்பா முழங்கால் எலும்பில் பட்டு இரண்டு நாள் வீங்கியது. அவர் வாங்கும் மூன்றாவது போன் இது.

நான் எதையும் மறக்காதவள் என்று ஊருக்கே தெரியும். உன் பெரியம்மா என் கல்யாணத்தில் முன் வரிசை நாற்காலியிலிருந்து என்னுடைய அம்மாவை எழுப்பி விட்டதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, அவள் வாயில் பல்லே இல்லாமல் போன பிறகும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவளிடம் வந்து, நடக்காததை நடந்தது என்று ஒருத்தி சொன்னால் கோபம் வராதா? முப்பத்திரண்டு நாளில் முதல் இருபது நாளும் நீ பொய் சொன்னாய் என்றுதான் இருந்தேன். உறுதியாக இருந்தேன். அந்தக் கோபத்தில்தானோ என்னவோ என் கழுத்தும் பிடித்துக்கொண்டது. பிடரியில் ஆரம்பித்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் யாரோ ஆணி அடித்து அதில் வாளியை மாட்டிவிட்டதுபோல ஒரு வலி. உன் அப்பா நல்லது செய்கிறேன் என்று தெருமுனை முடி வெட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரே திருகும்மா, டொக்குன்னு சத்தம் கேக்கும், எல்லாம் சரியாயிடும் என்றான். சத்தம் கேட்டது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ வெடித்தது, இடது கையில் மின்சாரம் பாய்ந்தது. அவன் அடுத்த பக்கம் திருப்பத் தாடையைப் பிடித்தபோது அவன் கட்டைவிரலைக் கடித்தேன், கடித்தது போதாமல் அவனுடைய ஷேவிங் கிண்ணத்தாலேயே நெற்றியில் ஒன்று போட்டேன். நெற்றியில் முட்டையளவு புடைத்துவிட்டது. இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். உனக்கும் அங்கே யாராவது கழுத்தைச் சொடுக்கி விடுகிறேன் என்று வந்தால் கிட்டே சேர்க்காதே. விரல் மரத்திருக்கும்போது கழுத்தைத் திருக விடுவது நரம்பை அறுத்துக்கொள்ளக் கத்தி கொடுப்பதுபோல என்று எனக்கு வைத்தியம் பார்க்கிற பெண் சொன்னாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே எடுக்கிற அறையைத் தாண்டி, பச்சைத் திரை போட்ட நீளமான ஹால். நாலு கட்டில். சுவரில் கப்பி, கயிறு, எடைக்கட்டி எல்லாம் தொங்கும், பார்த்தால் மனுஷரைத் தூக்கில் போடுகிற இடம் மாதிரி இருக்கும். பிசியோ என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது, விரல்கள் மட்டும் இடுக்கி. முதல் நாள் எனக்குப் பின்னால் வந்து நின்று என் தோள் மேல் இரண்டு கையையும் வைத்தாள். வைத்துவிட்டு, யார் அடிக்க வராங்க பாட்டி என்றாள். எனக்குப் புரியவில்லை. இல்ல, தோள காதுகிட்ட தூக்கி வச்சிருக்கீங்களே, பின்னாடியிருந்து அடி விழும்னு காத்துக்கிட்டு இருக்குறவங்க மாதிரி, கொஞ்சம் இறக்குங்க என்றாள். இறக்கினேன். இறங்கியது என்று நான் நினைத்தேன். இன்னும் இறக்குங்க என்றாள். எவ்வளவு சொன்னாலும் இன்னும் இறக்க இடம் இருந்தது மகளே. அத்தனை வருஷமாகத் தூக்கியே வைத்திருந்திருக்கிறேன்.

யார் அடிக்க வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நீ இரண்டு வயசுப் பிள்ளையாக இருக்கும்போது நான் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வரிசையில் இருந்தேன், மூன்றாவது மெஷின். நானாகவே வேலையை விட்டுவிட்டேன் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். அங்கே ஒரு கட்டிங் மாஸ்டர், நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். துணி அளக்கிற தேக்குக் கட்டை ஸ்கேல், ஒரு முனையில் பித்தளைப் பூண், அது எப்போதும் அவன் கையில் இருக்கும். துணியை அளந்ததைவிட எங்கள் பிடரியை அளந்ததுதான் அதிகம். அவனுக்கு ஒரே சட்டம், மெஷின் ஓடும்போது தலை நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் பின்னாலிருந்து விழும். துணியப் பாரு, வானத்தப் பாக்கவா கூப்பிட்டு வச்சிருக்கேன் என்பான். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்று வெறுங்காலில் நடப்பான். அதனால் எப்போது விழும் என்று தெரியாது, அதனால் பன்னிரண்டு பேரும் காலையிலிருந்து தோளைத் தூக்கியே வைத்திருப்போம். என் பக்கத்து மெஷினில் ஒருத்தி, பட்டன் தைப்பதில் கெட்டிக்காரி என்று பட்டன் என்றே கூப்பிடுவோம், மாசமாக இருந்தாள். ஒருநாள் தலை சுற்றுகிறது என்று நிமிர்ந்தாள். அடித்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் போய் மெஷின் தலையில் இடித்து, முன்பல் உடைந்து, ஊசி விரலுக்குள் ஏறி மறுபக்கம் வந்து நின்றது. வெள்ளைக் காலர் துணி முழுக்க ரத்தம். அவன் குனிந்து பார்த்து என்ன சொன்னான் தெரியுமா, அந்தப் பீஸ தனியா எடுத்து வை, கறை போகாது என்றான். சொல்லிக்கொண்டே என் மேஜையில் கையை ஊன்றினான். காலர் அழுத்துகிற கரி இஸ்திரிப்பெட்டி என் பக்கத்தில் சூடாக இருந்தது. எடுத்து அந்தக் கையின் மேல் வைத்து, காலருக்கு எண்ணுகிற மாதிரி மூன்று எண்ணும்வரை அழுத்தினேன். அவன் கத்திய கத்தலில் இரண்டு மாடி இறங்கி ஆள் வந்தது. என்னை முடியைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டில் தள்ளினார்கள். நான் எழுந்து வந்தபோது என் கையில் அவனுடைய ஸ்கேல் இருந்தது. எப்போது பிடுங்கினேன் என்று தெரியாது. அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டன் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. நாற்பத்தோரு வருஷமாக எனக்கு எந்த நகையும் அந்த ஸ்கேலுக்கு ஈடில்லை.

அலாரம் அடித்துவிட்டது, தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். பதினொரு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, பிசியோ ஹாலில் எனக்கு அடுத்த கட்டிலில் ஒரு கிழவனைப் படுக்க வைத்திருந்தார்கள். தாடைக்கு அடியில் பட்டை போட்டு, கயிறு கட்டி, கப்பி வழியாக எடை தொங்கவிட்டுக் கழுத்தை இழுக்கிற வைத்தியம். அந்தப் பெண் எடையைச் சரிபார்த்துவிட்டு எதற்கோ வெளியே போனாள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் கிடந்த கையைப் பார்த்தேன். புறங்கையில் தழும்பு, இஸ்திரிப்பெட்டியின் மூக்கு, கூராக, முக்கோணமாக. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா. எழுந்து போனேன். சுவரோரம் எடைக்கட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டேன், அதைக் கொக்கியில் மாட்டினால் போதும். உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. மாட்டப் போகும்போது அவன் கண்ணைத் திறந்தான். யாரும்மா நீங்க, அந்தப் பொண்ணு எப்ப வரும், வலிக்குதும்மா என்றான். காலர் வரிசை, மூணாவது மெஷின் என்றேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. கையைக் காட்டி இது எப்படி வந்துச்சு என்று கேட்டேன். ஸ்டவ்ல சுட்டுக்கிட்டேன் போல, ரொம்ப வருஷம் ஆச்சு என்றான். கேட்டாயா? என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஒரே வீரம், அவனுக்கு ஸ்டவ்! கம்பெனியில் பொம்பளைங்களை அடிச்சீங்களே, நினைவிருக்கா என்றேன். எடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். அவன் பட்டைக்குள் தாடை அசைய, யார் சொன்னா, நான் யார் மேலயும் கை வச்சதே இல்ல, என்கிட்ட வேல பாத்த பொண்ணுங்கள எல்லாம் பூ மாதிரி வச்சிருந்தேன் என்றான்.

மகளே, அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தேன், பொய் சொல்கிறவன் கண் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பன்னிரண்டு கழுத்துக்கு இருந்த நினைவு அந்த ஒரு கைக்கு இல்லை. பூ மாதிரி என்ற அந்த வார்த்தையை இருபது நாள் முன்னால் நான் எங்கே கேட்டேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, என் வாயில்தான் கேட்டேன். எடையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு என் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் வந்து என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, என்ன பாட்டி, யாரையாவது அடிச்சிட்டு வந்தீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்கேலை எடுத்தேன். எடுத்துக் கையில் பிடித்ததும் கைக்கு எல்லாம் தெரிந்தது. எனக்கு மறந்ததை அது மறக்கவில்லை. உனக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடப் பாவாடை, பழுப்பு நிறம், கீழ் ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே பிள்ளைகள் கயிறு தாண்டுகிறார்கள், எண்ணுகிற சத்தம் கேட்கிறது. நீ ஜன்னல் பக்கம் நிமிர்ந்தாய். நான் பின்னால் நின்றேன், வெறுங்காலில். துணியப் பாரு என்றேன். அவன் சொன்ன அதே வார்த்தை, அவன் ஸ்கேல், அவன் அடித்த அதே இடம். உன் நீலநிறக் கிளிப் இரண்டாக உடைந்து விழுந்தது. நீ அழவில்லை. கிளிப்பை எடுத்துக்கட்டுமா அம்மா என்று கேட்டாய். மொதல்ல ஓரத்த முடி என்றேன். அன்றைக்கு ஒன்று. அதற்கப்புறம் எத்தனை என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு விழுந்தவை ஒவ்வொன்றும் கிழமையோடு தெரியும், நான் போட்டவை தெரியவில்லை. அவனிடமிருந்து ஸ்கேலைப் பிடுங்கி வந்துவிட்டேன் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேனே, பிடுங்கி வந்து உன் கழுத்தில்தான் போட்டிருக்கிறேன். நீ சொன்னது பொய் இல்லை. நான் சொன்னதுதான் பொய். இதை எழுத அலாரம் மூன்று தடவை அடித்துவிட்டது.

உன் அப்பாவைக் கூப்பிட்டு ரம்பத்தை எடுக்கச் சொன்னேன். நல்ல தேக்கு, எதுக்கு வீணாக்குற என்றார். பேசாம அறுங்க, இல்லாட்டி உங்க மேல முறிப்பேன் என்றேன். அறுத்தார். எட்டுத் துண்டு. மெஷின் மேஜையின் பின்கால் இரண்டுக்கும் அடியில் நாலு நாலாக அடுக்கி ஒட்டிவிட்டோம். இப்போது மேஜை என் பக்கம் லேசாகச் சாய்ந்து, துணி கண்ணைப் பார்த்து வருகிறது, கழுத்து துணியைத் தேடிப் போக வேண்டாம். உன் மெஷினுக்கும் பின்காலில் கட்டை வை. நாற்காலியை, முழங்கை மேஜை உயரத்துக்கு வருகிற மாதிரி ஏற்று, பாதம் தரையில் படியட்டும். தலை ஐந்து கிலோ கனமாம், குனியக் குனியக் கழுத்துக்கு அது இருபது கிலோ மாதிரி ஆகிவிடுமாம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து தூரத்தில் எதையாவது பார், யார் என்ன சொன்னாலும் பார். நாற்றம் பிடித்ததை மூக்குக்கு நேரே நீட்டினால் முகத்தைப் பின்னுக்கு இழுப்போமே, அதுபோலத் தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடு. தோள்பட்டை எலும்பு இரண்டும் நடுவில் ஒரு பென்சிலைப் பிடிக்கிற மாதிரி சேர்த்து விடு. இரண்டில் எதிலாவது வலி கைக்குள் இறங்கினால் உடனே நிறுத்து. மாலையில் துண்டை வெந்நீரில் பிழிந்து போடு, தோலைப் பொசுக்கிக்கொள்ளாதே. ஒரே தலையணை போதும், குப்புறப் படுக்காதே. பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டாதே. இதெல்லாம் வலிக்கு. விரல் மரத்துப் போனதற்கு இதில் எதுவும் போதாது, பிடி தளர்ந்துபோனால் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம், காத்திருந்தால் அந்தக் கை திரும்ப வராமலே போகலாம் என்று நான் கேட்டதற்கு அந்தப் பெண் முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னாள். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் டாக்டர் எழுதிய காகிதத்தைக் கடைக்காரியின் மேஜையில் வை. கெஞ்சாதே. மூன்று வாரம் என்று மட்டும் சொல். வராதே என்றால் வராதே. கடைகள் நூறு இருக்கும், வலது கை ஒன்று. அவள் கத்தினால் கத்தட்டும், நீ தோளை இறக்கி வைத்துக்கொண்டு நில். அவள் வாயாலேயே அடிக்கிற ரகம், வாய்க்குத் தோளைத் தூக்க வேண்டியதில்லை.

சின்னவளுக்கு என் முத்தம். அவள் குனிந்து போன் பார்ப்பது தப்புதான், போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல், நூறு தடவை சொல், தொண்டை வற்றட்டும். ஆனால் பின்னாலிருந்து கை போகக்கூடாது. நான் குனி என்று அடித்தேன், நீ நிமிர் என்று அடிக்கிறாய், பிடரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அது தோளைத் தூக்க மட்டும்தான் கற்றுக்கொள்ளும். இனி அவள் மேல் கை வைத்தாய் என்று கேள்விப்பட்டால் கப்பல் ஏறி வந்து உன் கையை முறிப்பேன் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன், பிறகு கோடு போட்டுவிட்டேன். கோட்டுக்கு அடியில் வாசிக்க முடிந்தால் வாசித்துக்கொள், பழக்கம் ஒரே நாளில் போகாது. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, எப்படி எழுதுவது என்று உன் அப்பாவிடம்தான் கேட்டேன், இரண்டு சுழி, அது சரியா என்று மாப்பிள்ளையைக் கேள். நீ உடனே கொடுக்க வேண்டாம். நீ என் பெண், உனக்கும் வன்மம் வைத்துக்கொள்ளத் தெரியும், வேண்டிய மட்டும் வைத்துக்கொள், கழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதே.

இந்த உறையில் இரண்டு கிளிப் வைத்திருக்கிறேன். நீலம் ஒன்றுதான் கிடைத்தது, அது உனக்கு. சிவப்பு சின்னவளுக்கு. நீயும் உன் வீடும் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் கையில் பிடித்தது நழுவாமல் இருக்க வேண்டும். டாக்டர் காகிதத்தை மறக்காதே. ஞாயிறு காலை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், உன் அப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

உன் கழுத்தில் முதல் அடி போட்டவள்,
உன் அம்மா.